ஐஸில் வைத்த கருமுட்டைகள்

புக்கிட் மேரா
22 பிப்ரவரி 1987, ஞாயிறு

சேசு, மரி, சூசை மூவரும் சற்று நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும். கோபத்தில் எழுதுகிறேன்.

ஜோனுக்கு ஜார்ஜின் அம்மா அன்னம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். அது பக்கத்து வீட்டு ரஷீதாவின் போன். செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவளுக்காக இன்னும் இரண்டு நிமிடம் "ஆமாம்மா, சரிம்மா" என்று பேசிவிட்டு வந்தேன். இனிமேல் உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. புக்கிட் மேராவிலிருந்து ஃபேரர் பார்க்குக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். ஆனாலும் வர மாட்டேன். கடிதமென்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டாக வேண்டும்.

உன் கழுத்தில் கட்டி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உனக்காக நான் மெழுகுவத்தி ஏற்றாத நாள் இல்லை. அது வேறு விஷயம். ஜார்ஜ் கப்பலிலிருந்து எழுதியிருக்கிறான்: "அம்மா, ரேடியேஷனுக்கு முன்னாடி ஜோனோட கருமுட்டைய எடுத்து ஐஸ்ல வைக்கப் போறாங்க. நீங்க கொஞ்சம் கூட இருங்க." ஐஸில் வைப்பது மீனை. பிள்ளை கொடுப்பது ஆண்டவர். கல்யாணமாகாத பெண் ஆஸ்பத்திரியில் படுத்து இதையெல்லாம் செய்துகொண்டால் கோயிலில் என்ன பேசுவார்கள்?

ஜூனில் கல்யாணம். மே மாதம் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு சாமியார் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சபை முன்னால் படித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார். நான் எந்த முகத்தோடு முன்வரிசையில் உட்காருவேன்?

யோசித்துப் பதில் எழுது. கஞ்சி கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் வந்து சேர்ந்தது.

அன்னம்மா


ஃபேரர் பார்க்
25 பிப்ரவரி 1987

அன்புள்ள அத்தைக்கு,

போனை வைத்தது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தது, அது உங்களுக்குக் கேட்கக் கூடாதென்று வைத்தேன். ரஷீதா அக்காவிடம் அந்த இரண்டு நிமிடம் பேசியதற்கு நன்றி. கஞ்சிக்கும் நன்றி. அதில் இஞ்சி அதிகம்.

ஜார்ஜ் பாதிதான் எழுதியிருப்பார், அவர் வழக்கம் அது. முழுவதையும் நான் சொல்கிறேன். கட்டி கழுத்தில் மட்டும் இல்லை, வயிற்றிலும் இருக்கிறது. ரேடியேஷன் கொடுத்தால் பிழைப்பேன். ஆனால் கருப்பை ஓரத்தில் இருக்கும் சூலகங்கள் அதில் கருகிவிடும். அதன்பிறகு எனக்குப் பிள்ளை பிறக்காது. ஆகையால் அதற்குமுன் கிடைக்கிற கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம் என்கிறார்கள். இது பரிசோதனைதான். இப்படி வைத்த முட்டையிலிருந்து உலகத்தில் பிறந்திருக்கிற பிள்ளைகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம் என்று டாக்டர் கோவிந்தசாமி நேராகவே சொன்னார்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்கு என்று ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள். தாளில் கணவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடைசியில் அப்பா கையெழுத்துப் போட்டார், ஜார்ஜ் ரோட்டர்டாமிலிருந்து தந்தி அடித்தார். எல்லாம் முடிந்தபிறகு எனக்குச் சம்மதமா என்று என்னையும் கேட்டார்கள்.

அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது. கோயிலில் பேசுவதை நினைத்து அல்ல. சாவேனோ என்று பயம். பிழைத்துவிட்டால் ஜார்ஜுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதவளாகப் பிழைப்பேனோ என்று இன்னொரு பயம். இரண்டாவதற்காவது ஏதாவது செய்ய முடிகிறதே என்றுதான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
ஜோன்


புக்கிட் மேரா
6 மார்ச் 1987, முதல் வெள்ளி

அன்புள்ள ஜோனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இஞ்சி அதிகம் என்று எழுதியிருக்கிறாய். குமட்டலுக்கு இஞ்சிதான் கேட்கும், உனக்கு என்ன தெரியும்.

பிள்ளையே பிறக்காது என்று ஜார்ஜ் எழுதவில்லை. அவன் எழுதியிருந்தால் அந்த முதல் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன், அல்லது வேறு மாதிரி எழுதியிருப்பேன். எப்படி என்று கேட்காதே.

ஒரு சந்தேகம். முட்டையை மட்டும் ஏன் வைக்கிறார்கள்? ஜார்ஜும் வந்தபிறகு சேர்த்தே வைத்தால் கெட்டியாக இருக்காதா? நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பேப்பரில் பார்த்தாயா? முடிந்தவர்கள் மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள் சர்க்காரில். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு போதும் என்று சுவர் சுவராக ஒட்டியவர்கள். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளிடமெல்லாம் ஆபரேஷன் செய்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றோடு நின்றுபோனது, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முட்டை எடுக்கிற நாள் என்றைக்கு? உன் அப்பா ஆண்பிள்ளை, அவருக்கு அங்கே என்ன தெரியும். நான் வருகிறேன். வந்தால் பேச மாட்டேன்.

அன்னம்மா


ஃபேரர் பார்க்
24 மார்ச் 1987

அன்புள்ள அத்தைக்கு,

வந்தீர்கள். பேச மாட்டேன் என்றீர்கள், வாசலிலிருந்து வார்டு வரை பேசிக்கொண்டே வந்தீர்கள். அந்த மலையாள நர்ஸிடம் "ஊசிய மெதுவா குத்து லா" என்று சொன்னதை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். மயக்கம் தெளிந்தபோது என் கால் உங்கள் மடியில் இருந்தது. நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு கிடைத்தன. ஆறையும் வைத்துவிட்டார்கள்.

உங்கள் சந்தேகத்தை டாக்டரிடம் கேட்டேன். சேர்த்து வைத்தால் கெட்டிதானாம். ஆனால் சேர்த்தால் அது கரு. ஆய்வகத்தில் கரு உண்டாக்கக் கூடாது என்று இந்த மாதம் ரோமிலிருந்து வந்த அறிக்கையைப் பற்றிச் சாமியார் பிரசங்கம் வைத்தாரே, நீங்களும் கேட்டிருப்பீர்கள். முட்டையை வைப்பதே தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். கருவை வைத்துவிட்டுப் பின்னால் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் என் மனசாட்சி தாங்காது. அதோடு ஜார்ஜ் வர ஜூன் ஆகும், கட்டி அதுவரை காத்திருக்காது.

தாளில் ஒரு கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. நான் இறந்துபோனால் முட்டைகளை என்ன செய்வது? அழித்துவிடலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், பிள்ளையில்லாத வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கலாம். ஒன்றில் அடையாளம் போட வேண்டும். பிள்ளையில்லாத பெண்ணுக்குக் கொடுப்பதுதான் புண்ணியம் என்று தோன்றுகிறது. பேனாவை எடுத்தால் கை வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஜோன்


புக்கிட் மேரா
29 மார்ச் 1987

அன்புள்ள ஜோனுக்கு,

உன் கேள்வியை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்தாலே தெரியும், நான் சீன வயிற்றில் பிறந்தவள் என்று. நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதற்காக உன்னை எனக்குப் பிடிக்கும். நான் பிறந்தது புலி வருஷமாம். புலி வருஷத்துப் பெண் வீட்டுக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. விக்டோரியா ஸ்திரீட் கன்னியர் மடத்து வாசலில் கூடையோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்த தமிழர் ஒருவரும் அவர் மனைவியும் மடத்திலிருந்து என்னை எடுத்து வளர்த்தார்கள். அந்த அம்மா எனக்குச் செபம் கொடுத்தாள், தமிழ் கொடுத்தாள். ஜப்பான்காரன் சீன முகத்தைத் தேடிப் பிடித்த நாட்களில் எனக்குச் சேலை கட்டிப் பூ வைத்து, தெருவில் போகும்போது சத்தமாகத் தமிழ் பேசு என்று சொல்லிக் கூட்டிப்போனாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடனை இந்தப் பிறவியில் தீர்க்க முடியாது.

ஆனால் கேள். இருபத்தேழு வயதுவரை என் ரத்தம் என்று ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஜார்ஜ் பிறந்து கண்ணைத் திறந்தான், அது என் கண். நர்ஸிடம் "இவன்தான் என் மொத சொந்தக்காரன்" என்று சொல்லி அழுதேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆகையால் உன் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதே. வேறொருத்திக்குக் கொடு என்று எழுதினால், எங்கோ ஒரு பிள்ளை கண்ணாடியைப் பார்த்து இது யார் மூக்கு என்று தேடிக்கொண்டிருக்கும். அழித்துவிடு என்று எழுதினால், அந்தக் கூடையை யாரும் எடுக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஓடும். முட்டை பிள்ளை ஆகாது என்று நீ சொல்வாய். சரி, ஆகாதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ சாகாமல் இரு. அப்போது அந்தக் கட்டத்தை நிரப்பவே வேண்டாம்.

அன்னம்மா


ஃபேரர் பார்க்
10 மே 1987, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

இன்று இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள் என்று அப்பா வந்து சொன்னார். எழுந்து நிற்க முடியாமல் நான் கோயிலுக்கு வரவில்லை. காலையில் இரண்டு முறை வாந்தி, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு என் முடி கொட்டுகிறதா, சாப்பிட்டேனா என்று கேட்க ஆள் இருந்ததில்லை. ஒவ்வொரு ரேடியேஷனுக்கும் நீங்கள் பார்லித் தண்ணீரோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எனக்காகச் சபை முன்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்று அப்பா சொன்னபோது நெஞ்சு நிறைந்துபோனது. அம்மா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாள். இதை நேரில் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

ஜோன்


புக்கிட் மேரா
12 மே 1987

ஜோன்,

உன் கடிதம் இன்று வந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா பார்த்தது பூசை முடிகிறவரைதான். முடிந்ததும் நான் சாமியார் அறைக்குப் போனேன். "ஃபாதர், தடை இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை பிறக்காது" என்றேன்.

ஏன் என்றால், போன புதன்கிழமை நீ உள்ளே இருந்தபோது டாக்டர் கோவிந்தசாமியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆறு இருக்குதான் ஆன்ட்டி, ஆனா அத நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க" என்றார். அதுவரை அந்த ஆறையும் நான் பிள்ளைகளாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். திட்டியதும் நான், எண்ணியதும் நான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஜார்ஜோடு என் முகம் முடிந்துபோகும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

சாமியார் என்னை உட்காரச் சொன்னார். "அன்னம்மா, பிள்ளை பிறக்காதது தடையே இல்ல. திருச்சபை அப்படிச் சொன்னதே கிடையாது. நாளைக்கு நீங்க எழுபது வயசுல கல்யாணம் கட்டிக்க வந்தாலும் நான் ஓலை வாசிப்பேன்" என்றார். அறுபது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், எனக்கு அது தெரியவில்லை. பிள்ளைக்காகத்தான் கல்யாணம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்குத் தெரியப்போவதில்லை. அம்மா இருந்திருந்தால் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அன்னம்மா


ஃபேரர் பார்க்
14 மே 1987

அத்தை,

மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியனுப்பிவிட்டேன்.

காரணத்தை ஜார்ஜுக்கு நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் கோள் சொல்வதுபோல் ஆகும். ரேடியேஷனுக்கு இனி வர வேண்டாம். பார்லித் தண்ணீரும் வேண்டாம்.

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. இப்போது அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நன்றி.

ஜோன்


ஃபேரர் பார்க்
12 ஜூலை 1987, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு மாதம் உங்களுக்கு எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. ஆனால் வந்தீர்கள். வர வேண்டாம் என்று சொல்லியும், ஒவ்வொரு முறையும் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பாட்டிலை நடு நாற்காலியில் வைத்துவிட்டுப் போவீர்கள். முதல் வாரம் நான் அதைத் தொடவில்லை. இரண்டாவது வாரம் தாகமாக இருந்தது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. நானும்தான் அப்படி நினைத்தேன். ஜார்ஜைக் கட்டிக்கொள்ள என்னிடம் ஆறு முட்டை இருக்கிறது, வெறுங்கையோடு போகவில்லை என்று நினைத்தேன். நீங்கள் சாமியாரிடம் போய்ச் சொன்னதை நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உங்களுக்குச் சொன்ன பதில் எனக்கும் தேவைப்பட்டது. நீங்கள் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

கப்பல் தாமதமாகி, ஜார்ஜ் போன வாரம்தான் வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பிள்ளை வரட்டும், வராம போகட்டும், நான் கட்டிக்க வந்தது உன்னய" என்றார். வேறு ஒன்றும் பேசத் தெரியவில்லை அவருக்கு. எனக்கு அது போதும்.

நேற்று டாக்டர் என்னைச் சோதித்துவிட்டுக் கட்டி எங்கேயும் இல்லை என்றார். நான் பிழைத்துவிட்டேன் அத்தை. உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நீங்கள் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள்.

தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றில் எதிலும் அடையாளம் போடவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் என் மாமியார் அன்னம்மா முடிவு செய்வார் என்று எழுதினேன். மாமியார் பெயரை எழுதிக் கொடுத்தவரை இதுவரை பார்த்ததில்லை என்று டாக்டர் சிரித்தார். கொடுக்கப்பட்ட ஒருவருக்குத்தான் கொடுப்பதைப் பற்றி முடிவு செய்யத் தெரியும் என்று நினைத்தேன்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலையை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் முன்வரிசைக்கு வருவேன். எனக்கு இடம் பிடித்து வையுங்கள்.

ஜோன்


உட்லண்ட்ஸ்
24 ஆகஸ்ட் 1989

அன்புள்ள அத்தைக்கு,

நாகப்பட்டினத்தில் மாமாவின் அண்ணன் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கடிதம் வந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நீங்கள் எதற்காகப் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஊருக்கு வரட்டும், நேரில் சொல்லலாம் என்றார் ஜார்ஜ். அதுவரை நீங்கள் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறையும் வெளியே எடுத்தார்கள். நாலு உருகும்போதே உடைந்துபோயின. இரண்டு நின்றன. ஜார்ஜ், கப்பலை விட்டுச் சேர்ந்த ஜோகூர் வேலைக்கு லீவு போட்டு என்னோடு இருந்தார். இரண்டும் கருவாகவில்லை. நேற்று டாக்டர் கோவிந்தசாமி உட்கார்ந்து சொன்னார். இனி ஒன்றும் இல்லை.

உங்கள் பெயர் எழுதியிருந்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஜார்ஜ் கடைக்குப் போய் எனக்குப் பிடித்த மீ கோரெங் வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் சாப்பிட்டோம். அழவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் உங்கள் நினைப்பு வந்தது. உங்கள் கண்ணோடு ஒரு பிள்ளையை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். என்னால் முடியவில்லை அத்தை. நீங்கள் எனக்குச் செய்ததற்கு நான் திருப்பித் தர நினைத்தது அது ஒன்றுதான்.

ஜோன்


வேளாங்கண்ணி
4 செப்டம்பர் 1989

அன்புள்ள ஜோனுக்கு,

உன் கடிதம் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ஆள் மூலம் நேற்று இங்கே வந்தது. கோயிலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். இல்லையென்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஒரு மணி நேரம் நன்றாகவே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, "எந்த ஊரும்மா, சைனாவா?" என்று கேட்டார்கள். சிங்கப்பூர் என்றேன். சிங்கப்பூரில் சைனாக்காரர்கள் இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுவார்களா என்று அதிசயப்பட்டார்கள். என் துக்கம் எனக்கு, இவர்களுக்கு இது.

நீ எழுதியதில் ஒன்று தப்பு. திருப்பித் தர நீ என்னிடம் என்ன வாங்கினாய்? உனக்குத் துரோகம் செய்தவளின் பெயரை ஆஸ்பத்திரித் தாளில் எழுதினாய். இரண்டு வருஷம் அந்தத் தாள் அங்கே இருந்தது. எதையும் பிறர் முடிவு செய்து, அதன்படி இருந்து பழகியவள் நான். மடத்து வாசலில் வைத்தது ஒருவர், எடுத்தது ஒருவர், பெயர் வைத்தது ஒருவர். முதல்முறையாக ஒருத்தி வந்து, இதை நீ சொல் என்று என் கையில் கொடுத்தாள். அதை நினைத்து எத்தனை நாள் ரஷீதாவிடம் பெருமை பேசியிருக்கிறேன் தெரியுமா? உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

இன்று காலை பூசைக்குப் பணம் கட்டப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். தமிழிலேயே கேளுங்கள் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு, "செத்தவங்களுக்கா, உயிரோட இருக்கறவங்களுக்கா?" என்றார். அந்த ஆறும் மனதில் வந்து நின்றன. நாலு உடைந்ததும் இரண்டு நின்றதும் வந்தன. அவற்றுக்கு ஒரு பூசை வைத்தால் என்ன என்று தோன்றியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, யாரோ இடித்தார்கள்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பின்னந்தலையில் முடி கொட்டிப்போய் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நான் மெழுகுவத்தி ஏற்றியதெல்லாம் எதற்கு? கேட்டது ஒன்று கிடைத்து இரண்டு வருஷமாகிறது, இதுவரை நான் வந்து நன்றி சொல்லவில்லை. இன்னொன்றைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு. நன்றிப் பூசை" என்றேன். பெயர் கேட்டார். ஜோன் என்றேன். உறவு கேட்டார். மகள் என்றேன். அவர் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். "சொந்த மகளா?" என்றார்.

ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

எட்டாம் தேதி காலை ஆறு மணிப் பூசையில் உன் பெயரை வாசிப்பார்கள். உங்களுக்கு அப்போது எட்டரை. வெறும் வயிற்றோடு இருக்காதே, ஏதாவது சாப்பிடு.

அம்மா